வாய் கோணியபோது பாடியது

வாய் கொப்பளித்த தண்ணீர் என் பேச்சைக் கேட்காமல் இடது ஓரமாக வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது. அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. ஒரு வியாழக்கிழமை காலை. குளிரில் உதடு மரத்துப் போயிருக்கும் என்று நினைத்து இரண்டாவது வாய் ஊற்றினேன். அதுவும் வழிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அலுமாரிக் கண்ணாடி முன் போய் நின்றேன். வலது பக்கம் என் முகம் இருந்தது. இடது பக்கம் யாரோ ஒருத்தியின் முகம், இமைக்காத கண்ணோடு என்னையே பார்த்தது. பயத்தில் வாயைத் திறந்தேன். வாய் முழுவதும் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

"அண்ணி!" என்று கத்தினேன். அந்தச் சத்தம்கூட நேராக வரவில்லை.

அண்ணி என்பது என் கணவர் சிவகுமாரின் அக்கா, புஷ்பராணி. கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை வருவார். பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், நானும் அண்ணியும்தான். அண்ணி கொழுந்து எடுப்பவர். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறேன். தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பால் கொடுப்பேன், தூங்க வைப்பேன், பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் நான் பாடுவதைப் பற்றிச் சிலர் பேசும் விதமும் வேறாக இருக்கும்.

அண்ணி ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கொழுந்துக் கூடையை அப்படியே போட்டார்.

"ஆத்தா! என்னடி இது?"

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த மருந்தையா என் கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். நடந்தபோது தரை சரிந்தது. பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்கு வயது முப்பத்தாறு. ஆட்டோவில் நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் இடது கண் மூட மறுத்தது. மலைக்காற்று நேரே கண்ணுக்குள் அடித்தது. அண்ணி தன் உள்ளங்கையை என் கண்மேல் வைத்து மூடிக்கொண்டே வந்தார். அந்தக் கை ஒரு வளைவிலும் நகரவில்லை. கையை எடுக்காமலேயே திட்டிக்கொண்டும் வந்தார்.

"காது வலிக்குதுன்னு ரெண்டு நாளா சொன்னியே, அன்னைக்கே வந்திருந்தா என்ன? பாட்டுன்னா மட்டும் ராத்திரி பகல் தெரியாது ஒனக்கு."

பாட்டு என்றதும் எனக்குத் திக்கென்றது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. கரகம் பாலித்து ஊர்வலமாகக் கொண்டுவந்த அன்று மாலை, பிள்ளைகளின் நடனம் முடிந்ததும் யாரோ என்னையும் பாடச் சொன்னார்கள். சாமிப் பாட்டு எனக்கு நிறையத் தெரியும். ஆனால் அன்று நானே கட்டிய பாட்டு வாயில் வந்துவிட்டது. மலையேறும் பெண்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டியது.

*ஊரு பேச்சு ஊரோட*
*என் பாட்டு என்னோட*
*ஏறுற காலு என் காலு*
*எறங்குற வேர்வ என் வேர்வ*

பெண்கள் கை தட்டத் தொடங்கினார்கள். இரண்டாம் அடியில் மைக் நின்றுபோனது. கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வயரைப் பிடுங்கியிருந்தார். "ஆத்தா சன்னதியில கூத்துப் பாட்டா?" என்று கேட்டார். நான் நிறுத்தவில்லை. மைக் இல்லாமல் மிச்சத்தையும் பாடி முடித்தேன். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. மறுநாளிலிருந்து பேச்சு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்தில், கடையில், குழாயடியில். பிள்ளை இல்லாதவளுக்குத் திமிரைப் பார் என்றார்கள். எதுவும் ஒட்டாதவள் போலப் பகலெல்லாம் அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். அது எனக்குக் குடை மாதிரி இருந்தது. படுத்தால் மட்டும் தூக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பகுதி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது எதிரே இருந்த குழந்தை என்னைப் பார்த்து அழுதது. தாய் அதைத் தூக்கிக்கொண்டு வேறு வாங்குக்குப் போனாள். குழந்தைகள் ஓடி வந்து மடியில் ஏறும் முகம் என்னுடையது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

உள்ளே பார்த்த டாக்டர் ஒரு இளம் பெண், யாழ்ப்பாணத்தவர்.

"நெற்றியைச் சுருக்குங்கோ பாப்பம்" என்றார்.

சுருக்கினேன். வலப்பக்கம் மட்டும் கோடு விழுந்தது என்றார். பக்கவாதமாக இருந்தால் பெரும்பாலும் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்குமாம். எனக்கு நெற்றியும் சேர்ந்து செத்துக் கிடந்தது. அதனால் கோளாறு மூளையில் இல்லை, காதுக்குப் பின்னாலிருந்து முகத்துக்கு வரும் நரம்பில் என்று விளக்கினார். நிச்சயப்படுத்த ஸ்கேன் எடுக்கவும் எழுதினார். பிறகு சிறிய விளக்கால் என் இடது காதுக்குள் பார்த்தார்.

"சின்ன வயசில உங்களுக்குக் கொப்பளிப்பான் வந்ததோ?"

எனக்குப் புரியவில்லை. அண்ணிக்கும் புரியவில்லை. டாக்டர் யோசித்துவிட்டு வேறு சொல்லைத் தேடினார்.

"அம்மை. நீங்கள் அம்மை எண்டு சொல்லுவியள்."

அண்ணி பிடித்திருந்த என் தோளை விட்டார். ஒரு அடி பின்னால் நகர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டிருந்தது. அந்தக் கிருமி அப்போதே போய்விடவில்லையாம். நரம்பின் வேரில் சுருண்டு படுத்துக் கிடந்திருக்கிறது. இத்தனை வருடம் கழித்து எழுந்து, காதுக்குள் கொப்புளமாக வந்து, முக நரம்பை வீங்க வைத்துவிட்டது. நரம்பு போகும் எலும்புக் குழாய் குறுகியது. வீங்கினால் நெரிபடும், நெரிபட்டால் முகம் அசையாது. காதுக்குள் இரைச்சல், தலைச்சுற்று, நாக்கில் பாதி ருசி இல்லாமை எல்லாம் அதன் கூட்டாளிகள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது ஒரே ஒரு சொல். அம்மை. அவள் சன்னதியில் பாடினேன், மூன்றே வாரத்தில் அவளே வந்து என் வாயைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். அப்படிப்பட்ட நம்பிக்கை எனக்கு இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வார்டில் கடைசிக் கட்டில் கொடுத்தார்கள். கொப்புளம் காயும்வரை, அம்மை வராதவர்கள் பக்கத்தில் வரக்கூடாது. அதைக் கேட்டதும் இன்னொரு இடி. முந்தைய நாள்வரை கைக்குழந்தைகளை அந்தக் காதோரம்தான் சாய்த்துத் தூங்க வைத்திருந்தேன். அண்ணி மருந்தையாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறோம் என்றார்கள். எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனால் அது தெரிய மூன்று வாரம் ஆனது.

நாளுக்கு ஐந்து தடவை பெரிய மாத்திரை, வீக்கம் வற்ற வேறு மாத்திரை. மூடாத கண் காய்ந்து புண்ணாகிவிடாமல் இருக்கக் களிம்பு போட்டு, தூங்கும் முன் இமையை இழுத்து பிளாஸ்டர் ஒட்டினார்கள். சிங்கள நர்ஸ் ஒருவர் ஒட்டும்போதெல்லாம் "அக்கே, பய வென்ன எப்பா" என்பார். பயப்படாதே அக்கா என்று அர்த்தம். எனக்கு அழுகை வரும். அழுதால் ஒரு கண்ணில்தான் ஒழுங்காகக் கண்ணீர் வந்தது.

அண்ணி வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தார். சோற்றைக் குழைத்து வலது கடைவாயில் ஊட்டுவார். இடது பக்கம் ஒதுங்கியதை விரலால் எடுத்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் வசவும் நடக்கும். பக்கத்துக் கட்டில்காரி ஒருநாள், "உங்க அம்மாவா?" என்று கேட்டாள். அண்ணிக்கு என்னைவிட எட்டு வயதுதான் கூட. அதற்கும் எனக்குத்தான் வசவு.

நான்காம் நாள் எங்கள் லயத்து மேரி அக்கா பார்க்க வந்தார். அண்ணி சுடுதண்ணி எடுக்கப் போயிருந்தார். மேரி அக்கா கொண்டுவந்த பாண் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ ஒன்னும் மனசுல வச்சுக்காத மலரு. அம்மன் குத்தம், பாடுனதுக்குத் தண்டனன்னு ஊரெல்லாம் பேசுறாங்க. ஊருன்னா பேசும். ஆனா புஷ்பராணியே அப்படி குழாயடியில சொல்லியிருக்க வேணாம்."

"யாரு?"

மேரி அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்டி."

என் கட்டிலும் ஜன்னலும் சேர்ந்து சுற்றின. இந்த முறை அது நோயால் வந்த சுற்றல் இல்லை. யார் என்ன பேசினாலும் தாங்குவதற்கு ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தேன். ஊரு பேச்சு ஊரோட. ஊர் வேறு, வீடு வேறு என்றல்லவா கட்டியிருந்தேன்? எனக்குச் சோறு ஊட்டும் வீட்டிலிருந்து வந்த பேச்சுக்கு என்னிடம் பாட்டு இல்லை.

அண்ணி பிளாஸ்க்கோடு திரும்பியபோது மேரி அக்கா போயிருந்தார். கேட்டேன். பிளாஸ்க்கை மெதுவாக வைத்தார். மறுக்கவில்லை.

"ஆமா. நாந்தான் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன்ல, அப்ப."

"ஏன் அண்ணி?"

"ஏன்னா?" அவர் குரல் உயர்ந்தது. பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்துத் தணிந்தது. "டாக்டரம்மா அம்மைன்னு சொன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. மொகம் திரும்புமா திரும்பாதான்னு அவங்களாலயே சொல்ல முடியல. குத்தம்னா பரிகாரம் இருக்கும்ல? நரம்புன்னா நான் என்னடி செய்வேன்? அடுத்த திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்னு நேந்துகிட்டேன். ஒனக்காக."

அண்ணிக்கு நெருப்பென்றால் பயம். சின்ன வயதில் லயம் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவர். இன்றும் அடுப்பை நான்தான் மூட்டுவேன். அவர் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நீயும் ஒன்னு செய் மலரு" என்றார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இனிமே பாட மாட்டேன்னு ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லு. ஒரே ஒரு வார்த்த. சத்தமா வேணாம்."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் சொல்லத் தயாரானேன். மைக்கைப் பிடுங்கியபோதும் நிறுத்தாதவள், வெயில் அடிக்கும் ஒரு பகலில், சுய புத்தியோடு, என் பாட்டை விட்டுக்கொடுக்கக் கண்ணை மூடினேன். ஒரு கண் மூடவில்லை. கையைக் கூப்பினேன். முகம் திரும்பினால் போதும், குழந்தைகள் என்னைப் பார்த்து அழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

உதட்டைச் சேர்த்து "பாட மாட்டேன்" என்று சொன்னேன்.

'ம' மூக்கு வழியாக எப்படியோ வந்துவிடும், 'ப' என்று சொல்ல இரண்டு உதடும் இறுக ஒட்ட வேண்டும். என் உதடு பாதிதான் ஒட்டியது, மீதிப் பாதியில் காற்று புஸ்ஸென்று போனது. வந்த சத்தம் இதுதான்: "ஆட மாட்டேன்."

அண்ணி குழம்பிப்போய்ப் பார்த்தார். "ஆட மாட்டியா? ஒன்ன யாருடி ஆடச் சொன்னா?"

மறுபடி முயன்றேன். மறுபடியும் "ஆட மாட்டேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், பாதி வாயால், எச்சில் வழிய. அண்ணி தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே, "போடி, ஆத்தாளுக்கே வேணாம் போல இருக்கு ஒன் சத்தியம்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை.

அன்று நான் உண்மையில் பயந்தது அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான். என் பாட்டை நான் விட்டேவிட்டேன், உதடு வழுக்கியதால் அது தப்பியது. என் துணிவுக்கு அதில் பங்கே இல்லை.

மறுநாள் டாக்டர் சுற்றி வந்தபோது, இடது உதட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டேன்.

"டாக்டர், பாடுனா இது வருமா?"

"பாட்டாலயோ?" அவர் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இல்லை. உடம்பு களைச்சுப்போய், எதிர்ப்புச் சக்தி குறையிற நேரம் பாத்துத்தான் இந்தக் கிருமி எழும்பும். ஏன் எழும்பினதெண்டு ஒவ்வொரு ஆளுக்கும் சரியாச் சொல்லேலாது. கடைசி கொஞ்ச நாள் உங்களுக்கு ஒழுங்கா நித்திரை இருந்ததோ?"

"இல்ல. மூணு வாரமா இல்ல."

"ஏன்?"

அண்ணி தரையைப் பார்த்தார். பாட்டால் வரவில்லை. அப்படியென்றால் பேச்சால் வந்திருக்குமா? எதுவும் ஒட்டாதவள் போலப் பாடித் திரிந்தேனே, அத்தனையும் உள்ளே போய்த்தான் உட்கார்ந்திருந்ததா? நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அன்று அண்ணி என் தலையைத் தடவியது வசவு இல்லாத ஒரே தடவை.

ஆறாம் நாளிலிருந்து முகப் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்தவர் சிங்களப் பெண், சின்ன வயது. என் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். நான் குப்புற வைத்தேன். அவர் நிமிர்த்தி வைத்தார். புருவம் தூக்கு, மூக்கைச் சுருக்கு, கன்னத்தை ஊது, ப சொல்லு. நூறு தடவை ப சொன்னேன். எல்லாம் காற்று. நான் சோர்ந்துபோவதைப் பார்த்து, "அக்கே, சிந்துவக் கியன்ன" என்றார்.

பாட்டொன்று பாடச் சொல்கிறார். சிங்களத்தில் பாடுவதற்கும் சொல்லுவதற்கும் ஒரே வார்த்தைதான். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். பாடுவதற்கு யாராவது என்னைக் கேட்டு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது.

திருவிழாப் பாட்டு வாயில் வந்தது. வேண்டாம் என்று விட்டேன். அது அடுத்தவர் வாயைப் பார்த்துக் கட்டிய பாட்டு. அவர்கள் பேசினால்தான் அதற்கு வேலை. இப்போது என் வாய்க்கே ஒரு பாட்டு தேவைப்பட்டது. அங்கேயே கட்டினேன், உதடு ஒட்ட ஒட்ட:

*பப்பாசிப் பழம் பாதி*
*பாப்பாவுக்கு மீதி*
*பம்பரமா சுத்தி வா*
*பசிச்சா ஓடி வா*

பாதிச் சொற்கள் காற்றில் போயின. பக்கத்துக் கட்டில்காரி முதலில் சிரித்தாள். இரண்டாம் நாள் என்னோடு சேர்ந்து பாடினாள். ஊதாத கன்னத்தை அண்ணி விரலால் பிடித்துக்கொள்வார், நான் பாடுவேன். நல்ல பாட்டா, கெட்ட பாட்டா, யார் என்ன சொல்வார்கள் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. ப வருகிறதா, வரவில்லையா, அவ்வளவுதான் கணக்கு. அப்படி நான் அதுவரை பாடியதே இல்லை.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவர் கொழும்பிலிருந்து வந்து அழைத்துப் போனார். என்னைப் பார்த்ததும் அவர் முகமும் கோணியது, அழுகையில். "நீ எப்படி இருந்தாலும்..." என்று தொடங்கி முடிக்கத் தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டார். வழியெல்லாம் என் கண்ணாடியை அவ்வப்போது துடைத்துத் துடைத்துக் கொடுத்தார், கண்ணில் காற்றுப் படாமல் இருக்க அவர் வாங்கிவந்த கறுப்புக் கண்ணாடி அது.

நரம்பு மெதுவாகத்தான் முளைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டரை மாதம் கழித்து ஒரு காலையில் இடது உதட்டோரம் எறும்பு ஊர்வது போல் துடித்தது. பிறகு இமை இறங்கியது. இப்போது முக்கால்வாசி திரும்பிவிட்டது. சும்மா இருக்கும்போது யாருக்கும் தெரியாது. சிரித்தால், பாடினால் வாய் வலப்பக்கம் இழுக்கும், இடது கண் தானாகப் பாதி மூடித் திறக்கும். இது இப்படியே நின்றுவிடலாம் என்கிறார்கள். அண்ணி நேர்ச்சையைக் கைவிடவில்லை. அடுப்பைத் தானே மூட்டிப் பழகுகிறார், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நான்காம் மாதம் பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பினேன். பெரிய பிள்ளைகள் தூர நின்று பார்த்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். யாரும் அழவில்லை. அந்த வாரமே பப்பாசிப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன்.

பத்து நாள் இருக்கும். ஒரு தாய் காலையில் குழந்தையை விடும்போது வாசலிலேயே நின்றாள். முகம் கடுத்திருந்தது.

"டீச்சர், எங்க பாப்பா வீட்டுல வாயக் கோணிக்கிட்டுப் பாடுது. அடிச்சாலும் நிறுத்த மாட்டேங்குது. நீங்க இனிமே பாடிக் குடுக்க வேணாம்."

எனக்கு அவள் சொன்னது விளங்கவில்லை. அவள் போனதும் பதினான்கு பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து, நான் பாடாமல், அவர்களை மட்டும் பாடச் சொன்னேன்.

பப்பாசிப் பழம் பாதி. முதல் 'ப'விலேயே பதினான்கு வாயும் ஒரே பக்கமாக இழுத்தன. பதினான்கு இடது கண்ணும் பாதி மூடித் திறந்தன. ஒருவருக்கும் கேலி இல்லை. பெரட்டுக்கு நிற்பவர்களைப் போல அத்தனை கவனமாக, ஓர் அடி பிசகாமல், என் முகத்தையும் சேர்த்துப் பாடினார்கள். ஆஸ்பத்திரிக் கண்ணாடியில்கூட நான் அதை அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த நாலு வயது தர்ஷினியின் தாடையை மெல்லப் பிடித்தேன்.

"இப்படி இல்லம்மா. வாய நேரா வச்சுப் பாடு."

அவள் என் கையை விலக்கினாள். டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல என்னைப் பார்த்தாள்.

"பாட்டு இப்படித்தான் டீச்சர்" என்றாள்.

நான் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, இரண்டாம் அடியை எடுத்துக் கொடுத்தேன்.